யாரைக் காண வருகிறோம்?

விருந்தோம்பலுக்கென்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். வந்த விருந்தினரைப் பேணுவதும், இனி வரப்போகும் விருந்துக்காகக் காத்திருப்பதும், முகம் சற்றே மாறினாலும் விருந்தினர் உள்ளம் வாடிப்போவதும் அங்கே பேசப்படுகின்றன. ஆனால் விருந்தாகச் செல்பவர் எவ்வாறு செல்ல வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் ஒன்றை அவர் வகுக்கவில்லை. அன்று அது தேவைப்படவில்லை போலும். இன்று தேவைப்படுகிறது. கைக்குழந்தையோடு கடல் கடந்து வாழ்ந்து, ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையோ சொந்த ஊருக்கே விருந்தினராக வந்து திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. அவர்களை முன்வைத்து ஒரு கேள்வியைச் சிந்திக்க விழைகிறோம். அந்தப் பயணம் யாருக்காக? குழந்தைக்காகவா, பெற்றோருக்காகவா, ஊரில் காத்திருக்கும் முதியவர்களுக்காகவா?

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரை எடுத்துக்கொள்வோம். வெற்றிலைச் சந்தைக்குப் பெயர் பெற்ற சிறு பேரூர் அது. சுற்றுப்புறக் கொடிக்கால்களில் விளையும் வெற்றிலை கட்டுக்கட்டாக அங்கே வந்து கைமாறுகிறது. ஒருவரை அழைக்கும்போது வெற்றிலை பாக்கு வைப்பதும், வந்தவர் புறப்படும்போது தாம்பூலம் கொடுத்து அனுப்புவதும் தமிழர் வழக்கம் அல்லவா? ஆக, அழைப்பதற்கும் வழியனுப்புவதற்கும் உரிய பொருளையே தொழிலாகக் கொண்ட ஊர் என்று கடத்தூரைச் சொல்லலாம். பிழைப்புக்காக இம்மாவட்டத்தார் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வது பழைய கதை. படித்த பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அதற்கப்பாலும் செல்வது அதன் அடுத்த அத்தியாயம். அவர்களில் குழந்தையோடு வாழ்பவர்களும் உண்டு. குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வாழ்பவர்களும் உண்டு. இருசாராரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் குழந்தையோடு வருபவர்கள். விமான நிறுவனங்கள் பொதுவாக இரண்டு வயது நிறையும் வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்ல அனுமதிக்கின்றன, கட்டணமும் சிறிதளவே. இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை, ஏறக்குறையப் பெரியவர்களுக்கு உரிய கட்டணம். ஆகவே இரண்டாவது பிறந்தநாளுக்கு முன் எப்படியாவது ஒருமுறை ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று பல பெற்றோர் கணக்கிடுகிறார்கள். கணக்கில் பிழையில்லை. பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வாடகைக் காரில் கடத்தூர் வந்து சேர்கிறார்கள். கையில் முப்பது நாள் விடுமுறை. தந்தை வழி வீட்டில் சில நாள், தாய் வழி வீட்டில் சில நாள், குழந்தைக்கு மொட்டை, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காதுகுத்து, பொம்மிடியை அடுத்த பி. பள்ளிப்பட்டி லூர்து அன்னைக்கு ஒரு நாள், வேளாங்கண்ணிக்கு மூன்று நாள், ஒகேனக்கலில் பரிசல், ஏற்காட்டில் ஓர் இரவு. இடையில் திருமணங்கள், துக்கம் கேட்க வேண்டிய வீடுகள், வரவில்லையென்றால் மனத்தாங்கல் கொள்ளும் பெரியப்பா வீடு. நாள்காட்டியில் ஒரு கட்டமும் காலியாக இருப்பதில்லை. குழந்தையோ ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது.

அது அழுகிறது. ஆயா கை நீட்டினால் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொள்கிறது. கடத்தூர்ப் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்று அழைப்பதே வழக்கம். நகரங்களில் அச்சொல் கூலிக்குப் பிள்ளை பார்ப்பவளைக் குறிப்பதால், அயல்நாட்டில் வளரும் குழந்தைக்குப் பெற்றோர் ‘பாட்டி’ என்றோ ‘கிராண்ட்மா’ என்றோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தமக்கென்று காத்து வைத்திருந்த பெயரை அந்த மூதாட்டி இழந்துவிடுகிறார். இச்சிறு இழப்பை யாரும் கவனிப்பதில்லை. அவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

குழந்தை அழுதவுடன் சுற்றியிருப்போர் சொல்லும் சொற்களை நாம் கேட்டிருக்கிறோம். “ஒட்டாத பிள்ளை”, “ஆள் பழக்கம் இல்லாமல் வளர்த்துவிட்டார்கள்” என்பார்கள். இது அநீதி. ஏறத்தாழ எட்டு மாதத்தில் தொடங்கி இரண்டு வயது வரையிலும் அறியாத முகத்தைக் கண்டு குழந்தை அஞ்சுவது இயல்பான வளர்ச்சி என்பதை ரெனே ஸ்பிட்ஸ் போன்ற மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே விளக்கிவிட்டனர். 1969-இல் பற்றுறவு குறித்த தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்ட ஆங்கில மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, தன்னைக் காப்பவரை இறுகப் பற்றிக்கொள்வது குழந்தையின் உயிர்த்தேவை என்றார். தாயை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளத் தெரிந்த குழந்தைக்குத்தான் பிறரை அன்னியர் என்று அறியவும் தெரியும். ஆகவே ஆயாவைக் கண்டு அழும் குழந்தை அவரை அவமதிக்கவில்லை. அவருடைய மகளோ மருமகளோ நல்ல தாயாக இருக்கிறாள் என்பதற்கே அது சான்று கூறுகிறது. இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னால் எந்த ஆயாவும் புரிந்துகொள்வார். அவரும் பிள்ளை பெற்று வளர்த்தவர்தானே.

அழுது ஓய்ந்தபின் மற்றொரு துன்பம் காத்திருக்கிறது. “சிலுவை அடையாளம் போட்டுக் காட்டு”, “ஆங்கிலப் பாட்டுப் பாடு”, “மாமாவுக்கு முத்தம் கொடு.” வீட்டுக்கு வீடு இதே நிகழ்ச்சி நிரல். குழந்தை மறுத்தால் பெற்றோருக்கு வெட்கம், செய்தால் பெருமை. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்று செருமானிய மெய்யியலார் காண்ட் 1785-இல் எழுதியது நாடுகளின் பெரும் சட்டங்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. இரண்டு வயதுக் குழந்தைக்கும் அது பொருந்தும். நம் வெற்றியை ஊருக்குக் காட்டும் கருவியாக அது வந்திருக்கிறதா, அல்லது அதுவும் ஒரு விருந்தினரா?

இங்கே கடினமான ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகளைப் பெரும்பாலோர் வளர்ந்தபின் நினைவுகூர்வதில்லை. நம் வாசகர்கள் தம் நினைவையே சோதித்துப் பார்க்கலாம். ஒகேனக்கல் அருவியும், ஆலயத்தில் ஏற்றிய மெழுகுவர்த்தியும், ஆயா ஊட்டிய கேழ்வரகுக் கூழும் அந்தக் குழந்தைக்கு நிழற்படங்களாக மட்டுமே எஞ்சும். அப்படியானால் இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு? கொஞ்சம் வளர்ந்தபின் அழைத்து வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வாதம் அறிவுக்கு ஒத்ததாகவே தோன்றுகிறது.

ஆயினும் நாம் அதனை ஏற்கவில்லை. நினைவில் நிற்பது மட்டுமே நிகழ்ந்தது என்று கொண்டால், நம்மைப் பாலூட்டி வளர்த்த இரண்டு ஆண்டுகளையும் நம் தாய் வீணாக்கினாள் என்றாகிவிடும். மேலும், அந்தச் சந்திப்பில் நினைவு வைத்துக்கொள்ளப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது ஆயாவுக்கு இன்னும் எத்தனை விடுமுறைகள் மீதமிருக்கின்றன என்று யார் அறிவார்? குழந்தை வளரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஒருவருடைய வயதை மட்டுமே கணக்கிடுகிறார்கள். ஆகவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊருக்கு வருவது பெரும்பாலும் முதியவர்களுக்கு நாம் அளிக்கும் கொடை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதே நேர்மை. அப்படிச் சொல்லிவிட்டால் பயணத்தின் உருவமே மாறிவிடும். ஏற்காடும் ஒகேனக்கலும் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். கொடை பெறுகிறவர் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பரிசல் சவாரி தேவையில்லை.

கன்னி மரியா யூதேய மலைநாட்டுக்கு எலிசபெத்தைக் காணச் சென்றதை லூக்கா எழுதுகிறார். அவர் அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்பதையும் மறவாமல் குறிப்பிடுகிறார். வாழ்த்தும் புகழ்ப்பாடலும் முதல் நாளிலேயே முடிந்துவிட்டன. எஞ்சிய நாள்களைப் பற்றி நற்செய்தி ஒன்றும் கூறவில்லை. தண்ணீர் சுமந்தும் மாவு பிசைந்தும் கழிந்த நாள்களாக அவை இருந்திருக்க வேண்டும். மலைநாட்டில் காணத்தக்க இடங்கள் எவை என்று மரியா விசாரித்ததாகத் தெரியவில்லை! முப்பது நாள் விடுமுறைக்காரர்கள் மூன்று மாதம் தங்க இயலாது. ஆனால் முப்பதில் பத்து நாளாவது எங்கும் போகாமல், ஒன்றும் நிகழாமல், ஒரே வீட்டில் கழிக்க இயலும். குழந்தை அன்னியரைப் பழகுவது அத்தகைய நாள்களில்தான். ஆயா கை நீட்டாமல் தம் பாட்டுக்கு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் குழந்தை தானே அருகில் போய் அமர்ந்து அரிசியை அள்ளி இறைக்கும். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

இடம் பற்றியும் ஒரு சொல். குளிரூட்டும் வசதியில்லை, கழிவறை வேறு மாதிரி என்று கூறி, தருமபுரியிலோ சேலத்திலோ விடுதியில் அறை எடுத்துத் தங்கிப் பகலில் மட்டும் வீட்டுக்கு வந்து செல்லும் குடும்பங்கள் உள்ளன. குழந்தையின் உடல்நலம் மெய்யான காரணமே, வயிற்றுப்போக்கு விளையாட்டல்ல. கொதித்து ஆறிய நீரும் கொசுவலையும் அதற்குப் போதுமென்றால், இரவில் வீட்டில் தங்குவதே முறை. விளக்கணைந்த பின் இருளில் பேசப்படும் பேச்சுகளைப் பகல் விருந்தினர் கேட்பதில்லை.

இதுவரை ஊருக்கு வரும் நாள்களைப் பற்றிப் பேசினோம். ஆண்டின் மற்ற பதினோரு மாதங்கள் அங்கே எப்படிக் கழிகின்றன? விடுமுறை நாளில் குழந்தையோடு வெளியே செல்வது என்றால் அங்கே பெரும்பாலும் பேரங்காடி, பூங்கா, கடற்கரை. இவற்றில் தவறொன்றும் இல்லை. எனினும் பேரங்காடிக்குச் செல்வதும் ஒரு மனிதரைக் காணச் செல்வதும் ஒன்றல்ல. அங்கே நமக்காகக் காத்திருப்பவர் எவருமில்லை. வாரந்தோறும் இவ்வாறே வளரும் குழந்தைக்கு, கடத்தூரில் ஒரு வீட்டு வாசலில் ஒருவர் காலையிலிருந்து வழிபார்த்து நின்றார் என்பதன் பொருள் எப்படி விளங்கும்?

அயல்நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு மாற்றாகச் சில நல்ல வழக்கங்களைக் கண்டிருக்கிறார்கள். மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலை மாத இறுதியில் நாடெங்கிலுமிருந்து குடும்பங்கள் திரள்கின்றன. அன்னம்மாள் இயேசுவின் பாட்டி என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். செருமனியின் கேவலார் மரியன்னை திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஐரோப்பாவெங்கும் சிதறி வாழும் ஈழத் தமிழர் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். இந்துக்களும் அவர்களோடு சேர்ந்து வருகிறார்கள். வழிபாடு முடிந்தபின் புல்வெளியில் பாய் விரித்து, கட்டுச்சோறு பிரித்து, ஆண்டு முழுவதும் காணாத உறவினரைக் காண்கிறார்கள். குழந்தைகளுக்கு அன்றுதான் சித்தப்பாவும் அத்தையும் உருவம் பெறுகிறார்கள். சிங்கப்பூரில் ஓபிர் சாலையில் 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டப்பட்டது. தலைமுறைகள் பல கடந்து இன்றும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. துபாயிலோ 2021 இறுதி வரை வெள்ளி, சனி விடுமுறை நாள்கள். அதனால் ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல இயலாத குடும்பங்கள் வெள்ளிக்கிழமையன்றே புனித மரியா ஆலயத்தை நிறைத்தன. 2022 சனவரியிலிருந்து விடுமுறை சனி, ஞாயிறாக மாறிற்று. ஆயினும் திருப்பலி முடிந்ததும் வளாகத்தில் நின்று பேசும் வழக்கம் மாறவில்லை.

அந்த வளாகத்தில் குழந்தையின்றித் தனியே நிற்கும் ஆண்கள் பலர். நாம் சொல்ல வந்ததன் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானப் பணி செய்யும் தொழிலாளி தம் மனைவியையும் குழந்தையையும் அங்கே அழைத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்குரிய சம்பளமும் தகுதியும் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019-இல் விதி தளர்த்தப்பட்ட பின்னரும் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளமோ, 3,000 திர்ஹாமும் தங்குமிடமுமோ வேண்டும் என்றே வகுக்கப்பட்டது. அதற்குக் கீழே சம்பளம் பெறுகிறவர்க்கும் குழந்தைகள் உண்டு. கடத்தூரிலும், பாப்பிரெட்டிப்பட்டியிலும், அரூரிலும் அவை வளர்கின்றன.

குடும்பத்தோடு வாழும் பேறு பெற்றவர் தம் குழந்தையை இத்தகைய ஒருவரைக் காண அழைத்துச் செல்லலாம். அல்லது அவரை வீட்டுக்கு ஒருவேளைச் சோற்றுக்கு அழைக்கலாம். அவர் தம் மகளின் வயதுள்ள குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போது கண் கலங்கினால், சற்று நேரம் அவ்வறையில் யாரும் பேசாமல் இருந்தால் போதும். அக்குழந்தைக்கு அவர் மாமா ஆகிறார். இரத்த உறவில்லாத மாமா. ஒருவரைக் காணப் போவது என்றால் என்ன என்பதை அது இப்படித்தான் பழகும். பின்னர்க் கடத்தூர் வாசலில் இறங்கும்போது, காணச் செல்வது அதற்குப் புதிய காரியமாக இராது. அத்தொழிலாளியால் திருப்பி விருந்தளிக்க இயலாது என்பதையும் கவனிக்க வேண்டும். திருப்பித் தர இயலாதோரையே விருந்துக்கு அழையுங்கள் என்று ஆண்டவர் சொன்னதை இந்த இடத்தில் நாம் விளக்கத் தேவையில்லை.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் தங்கிவிட்டதைக் குறித்தும் ஒரு சொல். பெற்றோர் ஒருநாள் வழி நடந்த பின்னரே மகன் உடன் இல்லை என்பதை உணர்ந்தார்கள். கவனமற்ற பெற்றோர் என்று இன்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் அவர் உறவினரோடும் அறிமுகமானவரோடும் வருகிறார் என்றே எண்ணினார்கள் என்று லூக்கா தெளிவாகக் கூறுகிறார். ஊரே ஒன்றாக நடக்கும்போது பிள்ளை யார் அருகில் இருந்தாலும் அது நம் பிள்ளைதான். அயல்நாட்டில் அந்தக் கூட்டம் இல்லை. தாயின் ஒரு கை, தந்தையின் ஒரு கை, அவ்வளவே. நாள் முழுவதும் குழந்தையைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்த அந்தக் கைகள், கடத்தூர்த் தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பதறுகின்றன. ஊரார் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டா என்பதே நம் வேண்டுகோள். கூட்டமில்லாத இடத்தில் வளர்த்தவர்களுக்குக் கூட்டத்தை நம்பச் சில நாள்கள் ஆகும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் முதியோருக்கும் தாத்தா பாட்டியருக்குமென ஒரு உலக நாளை ஏற்படுத்தினார். அன்னம்மாள், சுவக்கீன் விழாவை ஒட்டி ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அது. அவருக்கு அதற்குரிய உரிமை இருந்தது. அவருடைய தந்தையின் குடும்பம் இத்தாலியின் பியத்மோந்து பகுதியிலிருந்து 1929-இல் அர்ச்சென்டினாவுக்குக் குடிபெயர்ந்தது. 1936-இல் பிறந்த பேரனைப் பாட்டி ரோசா பகல் வேளைகளில் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். தம் வட்டார மொழியையும் செபத்தையும் அவரே கற்பித்தார். ஆண்டுக்கு முப்பது நாள் பாட்டி அல்லர் ரோசா. அவரும் கப்பலேறி வந்தவர். நம் ஆயாக்களோ ஊரிலேயே இருக்கிறார்கள். ரோசாவின் பேரனுக்குக் கிடைத்தது கடத்தூர் ஆயாவின் பேரனுக்கு முழுமையாகக் கிடைக்காது என்பதை நாம் மழுப்பாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். கைப்பேசித் திரையில் நாள்தோறும் முகம் பார்ப்பது பேருதவிதான்; பெயரும் குரலும் மறவாமல் காக்கும். ஆனால் திரையிலிருந்து மடி வருவதில்லை. மொழியும் அவ்வாறே. வீட்டில் பெற்றோர் தமிழ் பேசவில்லை என்றால், பேரனும் ஆயாவும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பதோடு அவர்கள் உறவு முடிந்துவிடும்.

இனி மிகக் கடினமான பகுதி. 2017 ஜூலையில் சவூதி அரேபியா, தன் நாட்டில் பணிபுரியும் அயல்நாட்டாருடன் வாழும் ஒவ்வொரு குடும்பத்தினருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் 100 கூடி 2020 ஜூலையில் அது 400 ரியால் ஆயிற்று. மனைவி, ஒரு குழந்தை என்றால் ஆண்டுக்கு 9,600 ரியால். நடுத்தரச் சம்பளக்காரர் பலர் குடும்பத்தைத் திருப்பி அனுப்பினர். இப்படி ஒரு நிலையில் ஒரு தந்தை என்ன செய்வது? குழந்தையைத் தம்மோடு வைத்துக்கொண்டால் ஊரில் கட்டத் தொடங்கிய வீடு பாதியில் நிற்கும். தங்கையின் திருமணம் தள்ளிப்போகும். பெற்றோரின் மருந்துச் செலவுக்கு இடரும். அனுப்பிவிட்டால் குழந்தை ஆயாவின் மடியில், தமிழில், உறவுகளின் நடுவில் வளரும். ஆனால் தந்தை ஆண்டுக்கு முப்பது நாள் விருந்தினர் ஆகிவிடுவார். முன்னர் ஆயாவைக் கண்டு அழுத அதே குழந்தை இப்போது அப்பாவைக் கண்டு அழும்.

இரண்டில் எதுவானாலும் ஒருவரிடமிருந்து எடுத்தே மற்றவருக்குக் கொடுக்கிறோம். முதல் ஐந்தாறு ஆண்டுகளேனும், வீடு சிறிதானாலும் சேமிப்பு குறைந்தாலும், குழந்தை இரு பெற்றோருடனும் வாழ்வதே மேல் என்பது நம் துணிவு. வீட்டைப் பின்னர்க் கட்டலாம். ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும்போது, அல்லது சட்டமே இடம் தராதபோது, குழந்தையைப் பிரிந்து வாழும் தந்தையை நோக்கி இதைச் சொல்ல நமக்கு வாய் எழாது. எகிப்துக்கு ஓடிய சூசையப்பர் குழந்தையையும் தாயையும் உடன் அழைத்துக்கொண்டே சென்றார் என்று மேற்கோள் காட்டுவோர் உண்டு. அவரிடம் அன்று யாரும் ஆளுக்கு 400 ரியால் கேட்கவில்லை.

ஊரிலிருப்போர் இத்தகைய வீடுகளுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடுமுறையில் வரும் அந்தத் தந்தையிடம் வாசனைத் திரவியமும் கைக்கடிகாரமும் எதிர்பார்க்காதிருத்தல். முப்பது நாளில் இருபது நாளை அவர் உறவினர் வீடுகளில் காபி குடித்தே கழிக்க நேர்கிறது. போகாவிட்டால் பணம் வந்ததும் மறந்துவிட்டான் என்கிறோம். நாமே அவர் வீட்டுக்குப் போகலாம். அரைமணி அமர்ந்து, குழந்தையும் தந்தையும் முற்றத்தில் பந்து உருட்டுவதைப் பார்த்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.

ஆயாக்கள் பயணம் செய்வதும் இப்போது தொடங்கியிருக்கிறது. வருகை விசாவில் இரண்டு மாதம், மூன்று மாதம். கடத்தூர்ப் பெண்மணி ஒருவர், வாழ்வில் முதன்முறை விமானமேறி, துபாயில் மகன் வீட்டுக்குப் போய் வந்தார். 828 மீட்டர் உயரக் கட்டடத்தை அவருக்குக் காட்டினார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டோம். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பேத்தியைப் பகல் முழுவதும் தாம் ஒருவரே பார்த்துக்கொண்டதையும், வந்த நான்காம் நாள் அவள் தம்மை ‘ஆயா’ என்று கூப்பிட்டதையும், அப்படிக் கூப்பிடக் கூடாது என்று மருமகள் திருத்தப் போனபோது மகன் தடுத்துவிட்டதையும் சொன்னார். அடுத்த முறை எப்போது விசா கிடைக்கும் என்று எம்மிடமே விசாரித்தார்.